எதிரே ஏரி, பின்னால் அடுப்பு

ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கமாக, ஊரின் நட்டநடுவில் ஒரு லாட்ஜ் இருந்தது. அதன் வாசலில் ‘அருகில் பார்க்க வேண்டிய இடங்கள்’ என்று ஒரு போர்டு. ஏரி, பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், கிளியூர் அருவி, எல்லாமே பக்கந்தானாம். கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியும். மே மாதத்தில் கிளியூர் அருவியில் பாறையைத்தான் பார்க்கலாம். அந்தப் பாறையையும் விடாமல் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க ஏறி வந்து, பிரமாதம் என்பார்கள்.

அந்தப் போர்டைப் படித்தவர்களில் பாதிப்பேர் எங்கள் சொந்தக்காரர்கள். தகவலுக்கு லாட்ஜ், தங்குவதற்கு எங்கள் வீடு. லாட்ஜை ஒட்டி என் கணவரின் மளிகைக் கடை, கடைக்குப் பின்னால் நாங்கள். சேலத்தில் வெயில் ஏறியதும், “அண்ணியைப் பாத்து நொம்ப நாளாச்சுங்களே” என்று பெட்டியோடு வந்து இறங்குவார்கள். மழைக்காலத்தில் அந்தப் பாசம் ஒருவருக்கும் ஊறியதில்லை.

கல்யாணமாகி மலையேறிய புதிதில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஏரியில் ஒரு தடவை படகில் போக வேண்டும்.

“ஏரி என்ன ஓடியா போயிரும்? சீசன் முடியட்டும்” என்றார் கணவர்.

சீசன் முடிந்தால் மழை. மழை விட்டால் காப்பிப் பழம் பறிக்க வரும் ஆட்களின் கூட்டம், கடையில் நிற்க நேரமிருக்காது. அது ஓய்ந்தால் மறுபடி சீசன். பத்து வருஷம் இப்படியே போயிற்று. ஏரி ஓடவில்லைதான். நான்தான் அடுப்புக்கும் குழாய்க்கும் ஓடிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் என் நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தாள். படகில் போய்விட்டு, மசாலா தடவிய மாங்காயைக் கடித்துக்கொண்டே அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“நீங்க குடுத்து வெச்சவங்க அண்ணி. தெனமும் ஏரியைப் பாத்துட்டே சமைக்கறீங்க.”

என் அடுப்பங்கரை ஜன்னலைத் திறந்தால் தெரிவது லாட்ஜின் கக்கூஸ் சுவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சிரித்து வைத்தேன், பத்து வருஷப் பழக்கம்.

மறுநாள் காலை எல்லோரும் பகோடா பாயின்டுக்குக் கிளம்பினார்கள். “மத்தியானத்துக்கு பிரியாணி போட்டுருங்க அண்ணி. கறி கொஞ்சம் பெருசா இருக்கட்டும்” என்றாள் நாத்தனார். சரி என்று தலையாட்டினேன். அவர்கள் ஜீப் திருப்பத்தைத் தாண்டியதும் எரிகிற அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். வெள்ளைத் துப்பட்டியை முகம் மறையப் போர்த்திக்கொண்டு கடை வழியாக வெளியே வந்தேன்.

“ஏனுங்க, போயிட்டு வந்தர்றேன்.”

“எங்க?”

“பக்கத்துல பாக்க வேண்டிய எடத்துக்குங்க.”

தராசைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டார். பருப்பு வாங்க வந்தவர் பாவம், அவரும் நின்றார்.

படகில் என்னோடு ஒரு புதுமணத் தம்பதி. துடுப்பு போட்டவர் அவர்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். இது பூங்கா, அது லாட்ஜ். அப்புறம் துடுப்பை நிறுத்தி, லாட்ஜை ஒட்டிய ஓட்டு வீட்டைக் காட்டினார். என் வீடு.

“அந்த ஊட்டைப் பாருங்க. சீசன் வந்தா விடியறப்ப கெளம்பற பொகை, பொழுது சாயற வரைக்கும் நிக்காதுங்க. இத்தன வருசத்துல நின்னு நான் பாத்ததில்ல. இன்னிக்குக் காணோம். அந்த ஊட்டம்மா போய்ச் சேந்துருச்சாட்ட இருக்குதுங்க.”

புதுப்பெண் ‘அய்யோ பாவம்’ என்றாள். எனக்கு அழுகை முட்டியது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. துப்பட்டியை முகத்திலிருந்து விலக்கினேன்.

“சாகலீங்க. உங்க படகுலதான் உக்காந்திருக்குது. இன்னொரு சுத்து விடுங்க.”