எழுந்துகொள்ள ஒரு நாற்காலி

என் மனைவியின் வயிற்றில் தொங்கிய தோலை அறுவை செய்து நீக்குவதென்று முடிவானதும், எங்கள் உறவினர்கள் ஒரே நாளில் மருத்துவர்களாகிவிட்டார்கள். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு? அழகிப் போட்டிக்கா போறாங்க?" என்று முதலியார்பேட்டையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் சிரித்தார். சர்க்கரை ஏறிப் பயந்துபோன அவள் இரண்டு வருடம் வாயைக் கட்டி, தினமும் விடியலில் கடற்கரைச் சாலையில் நடந்து, பாதி ஆளாக இளைத்தவள். சதை போயிற்று, தோல் போகவில்லை. மடிந்து தொங்கிய தோலுக்கடியில் வியர்த்துக் கோடைதோறும் புண்ணாகும். அந்தப் புண்ணுக்கு ஒருநாளாவது மருந்து போட்டுவிட்டவர்கள் யாரும் அந்த உறவுக் கூட்டத்தில் இல்லை. கருத்துக்கு மட்டும் பஞ்சமில்லை.

அறுவைக்கு முன் அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "வீட்டுக்கு வந்தப்புறம் நானாத்தான் எழுந்துப்பேன். யாரும் கையைப் புடிச்சுத் தூக்கிவிடக் கூடாது. நீங்களும்தான்."

காரணம் எனக்குத் தெரியும். அவள் பருமனாக இருந்த காலத்தில், ஒரு கோயில் கல்யாண விருந்தில் அவள் எழுந்தபோது பிளாஸ்டிக் நாற்காலியும் கூடவே எழுந்துவிட்டது. இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேர் நாற்காலியை இழுத்தார்கள். பந்தியே சிரித்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அறுவைக்குப் பின் அவள் சாய்ந்திருக்க ஒரு நாற்காலி வாங்கும் பொறுப்பு என்னுடையது. அரசுத் துறை ஒன்றின் கொள்முதல் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தவனிடம் வேறு எந்தப் பொறுப்பைத் தருவார்கள்? முதுகு சாய்ந்திருக்க வேண்டும், முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், வயிற்றுத் தசைக்கு வேலையே தரக் கூடாது என்று டாக்டரம்மா மூன்று வரியில் சொன்னதை நான் பதினோரு விதிகளாக விரித்து எழுதினேன். இருக்கையின் உயரம், அகலம், பஞ்சின் அழுத்தம், கைப்பிடியின் உறுதி. மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்குவது முறை. வாங்கினேன்.

முதல் கடையில் ஒரு சோபாவைக் காட்டி, "உக்காந்து பாருங்க சார், மேகத்துல உக்கார்ற மாதிரி இருக்கும்" என்றான் விற்பனையாளன். உட்கார்ந்தேன். இடுப்பு வரை புதைந்தேன். மேகத்திலிருந்து இறங்க ஏணி உண்டா என்று கேட்டதற்கு, தவணைத் திட்டம் உண்டு என்றான்.

இரண்டாம் கடையில் மோட்டார் வைத்த சாய்வு நாற்காலி. பொத்தானை அழுத்தினால் சாயும், அழுத்தினால் நிமிரும். நிராகரித்தேன். சாய்ந்திருக்கும்போது கரண்ட் போய்விட்டால் அவள் அப்படியே மாட்டிக்கொள்வாள் அல்லவா? இந்தத் தொலைநோக்கை ஒப்பீட்டுப் பட்டியலின் குறிப்புப் பத்தியில் பெருமையோடு எழுதினேன்.

மூன்றாம் கடை நெல்லித்தோப்பில். கைப்பிடி ஓரத்தில் இருக்கும் நெம்புகோலை இழுத்தால் முதுகு சாய்ந்து, கால்பலகை மேலே வரும்.

"பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்குற சொல்தா வூட்டுக்கெல்லாம் இதான் சார் போவுது."

"அவங்கல்லாம் வயித்துல தையலோடயா உக்கார்றாங்க?"

"அது தெரியாது சார். ஆனா வாங்கினவங்க யாரும் திருப்பிக் கொண்டாந்ததில்ல."

டேப் வைத்து அளந்தேன். பதினோரு விதிகளுக்கும் பொருந்தியது. சாய்ந்து பார்த்தேன், கடையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். ஏற்கப்பட்டது.

அறுவை முடிந்த நான்காம் நாள் அவள் வீட்டுக்கு வந்தாள். வயிற்றைச் சுற்றி இறுக்கமான பெல்ட். அதனடியிலிருந்து இரண்டு ரப்பர்க் குழாய்கள். கசியும் நீரைப் பிடிக்க, நுனியில் சின்னக் குப்பிகள். கூனிக் கூனி நடந்துவந்து உட்கார்ந்தாள். நான் நெம்புகோலை இழுத்தேன். "நல்லாத்தான் இருக்கு" என்று கண்ணை மூடினாள். ஒரு மணி நேரம் நான் ஜெயித்தவனாக வீட்டுக்குள் உலாவினேன்.

பிறகு அவளுக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. கால்பலகையை மடக்க வேண்டுமானால் குதிகாலால் அதைக் கீழே அழுத்தி, உடம்பை முன்னால் இழுக்க வேண்டும். அந்த வேலை முழுவதையும் செய்வது வயிறு. அவள் ஒருமுறை முயன்றாள். முகம் வெளுத்துவிட்டது. நான் கையை நீட்டினேன்.

"கையை எடுங்க."

மறுபடி முயன்றாள். குழாய் நெம்புகோலில் மாட்டி இழுபட, அவள் போட்ட சத்தத்தில் ஒத்தாசைக்கு வந்திருந்த அவள் தங்கை சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். தையல் விட்டுவிடுமே என்ற பயத்தில் நாங்கள் எதையும் கேட்காமல், ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். வீட்டில் மின்சாரம் தாராளமாக இருந்தது.

பாத்ரூம் வாசலில் அவள் சொன்னாள்: "திரும்பவும் ரெண்டு பேரு."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

கதவு சாத்தியதும் தங்கை என் பக்கம் திரும்பினாள். "மாமா, இதுல உக்காந்து பாத்து வாங்கினது யாரு?"

"நான்தான்."

"ஆபரேஷன் யாருக்கு?"

பொருளைப் பயன்படுத்தப் போகிறவர் நேரில் வந்து சோதித்துக் கையெழுத்திடவில்லை என்று எத்தனை கோப்புகளைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! அந்த விதியை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவன், மனைவியின் நாற்காலிக்கு என் உடம்பைக் கொடுத்து அளவெடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை தங்கை ஒரு ஆட்டோவில் மர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினாள். நேரான முதுகு, பிரம்பு இருக்கை, உயரமான அகலக் கைப்பிடிகள். "எங்க மாமியாருக்கு முட்டி வலின்னு பழைய சாமான் கடையில வாங்கிப் போட்டது. அவங்க ரெண்டு வாரம் கட்டில்ல உக்காந்துப்பாங்க."

முதுகுக்கு வைக்கத் தலையணை எடுத்துக்கொண்டு பின்னால் போனவன் அப்படியே நின்றேன். முதுகுப் பலகையில் வெள்ளைப் பெயின்டில் எங்கள் துறையின் எழுத்துகளும் எண்ணும். நாங்கள் கழித்து ஏலத்தில் விட்ட நாற்காலி. சக்கரம் வைத்த புது நாற்காலிகள் வாங்க அனுமதி வந்திருந்த சமயம் அது. பழையவை கெட்டுப்போனால்தான் புதியவை வாங்க முடியும் என்பது விதி. ஆகவே இவை கெட்டுப்போயின. 'பயன்பாட்டுக்குத் தகுதியற்றவை' என்று அத்தனைக்கும் சான்றளித்த குழுவில் என் கையெழுத்தும் உண்டு. அந்தப் புது நாற்காலிகளில் பாதி, நான் ஓய்வு பெறும் முன்பே சக்கரம் கழன்று மூலையில் கிடந்தன.

முதுகுக்கு இரண்டு தலையணை, காலுக்கு ஒரு முக்காலி. குப்பிகளை பெல்ட்டில் செருகிக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். கைப்பிடிகளைத் தடவிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள்.

சுவரைப் பார்த்து நின்றோம். முக்காலி தரையில் நகர்ந்தது. உள்ளங்கைகள் மரத்தில் பதிந்தன. நீளமாக ஒரு மூச்சு. பிரம்பு முனகியது. பிறகு செருப்பு தேய்ந்துகொண்டே போய், பாத்ரூம் தாழ்ப்பாள் விழுந்தது.

"திரும்பலாமா அக்கா?" என்றாள் தங்கை.

"இருடி, வரேன்" என்று உள்ளேயிருந்து பதில்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். நான் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப பாருங்க" என்றாள். எந்த அவசியமும் இல்லாமல், இன்னொரு தடவை எழுந்தாள்.