முடிவு சரி, வழி தப்பு

கல்லூரியில் தர்க்கவியல் எடுக்கும் அந்த டீச்சருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'அதனால அக்கா'. யார் எதைச் சொன்னாலும் "சரி, அதனால?" என்று கேட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் திணறுகிற அழகைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் கல்யாணமான புதிதில் வாதாடிப் பார்த்தார். அப்புறம் பேசாமல் டீ போடக் கற்றுக்கொண்டார்.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் லிஃப்ட் அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. படியேறி ஏறி எல்லோருக்கும் முட்டி கழன்றது. கூட்டம் போட்டார்கள். எடுத்த எடுப்பிலேயே குடியிருப்போர் சங்கச் செயலாளர், நாலாவது மாடிக்குப் புதிதாக வந்திருந்த டிரம்ஸ்காரரைக் கைகாட்டினார்.

"இவர் வந்ததுக்கு அப்புறம்தான் லிஃப்ட் மக்கர் பண்ணுது. அப்போ இவர்தான் காரணம்!"

அந்த மனுஷன் மலங்க மலங்க விழித்தார். டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"இவர் வந்ததுக்கு அப்புறம்தான் வாசல் செடியும் பூத்துச்சு. அதுக்கு இவருக்கு மாலை போடலாமா? பின்னால நடந்தா, அதாலதான் நடந்துச்சுன்னு ஆயிடாதுங்க. வேற ஆதாரம் இருந்தா சொல்லுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்துக் கலைந்தது. டீச்சர் ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி வீட்டுக்கு வந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை, கூப்பிட்டுக் கூப்பிட்டும் லிஃப்ட் வரவில்லை. காய்கறிப் பையோடு மூச்சிரைக்கப் படியேறிய டீச்சர் நாலாவது மாடியில் அப்படியே நின்றுவிட்டார். லிஃப்ட் வாசலில் ஒரு ஸ்டூல். கதவு மூட வருவதும் ஸ்டூலில் முட்டித் திரும்புவதுமாக இருந்தது. டிரம்ஸ்காரர் சாவகாசமாக ஒவ்வொரு டிரம்மாக உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எப்பவும் இப்படித்தான் ஏத்துவீங்களா?"

"ஆமாக்கா. இல்லேன்னா கதவு மூடிக்குதே!"

டீச்சர் லிஃப்ட் மெக்கானிக்கை வரவழைத்தார். முட்டி முட்டியே கதவின் பெல்ட் நைந்துபோயிருக்கிறது என்று அவர் கழற்றிக் காட்டினார். கமுக்கமாக இருந்துவிடலாமா என்று டீச்சருக்கு ஒரு கணம் ஆசை வந்தது. ஆனாலும் டிரம்ஸ்காரரையும் கூட்டிக்கொண்டு செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"காரணம் இவர்தாங்க. இப்ப ஆதாரம் இருக்கு."

"நான் அன்னிக்கே சொன்னேனே!" செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. டிரம்ஸ்காரர் அசடு வழிய மன்னிப்புக் கேட்டார்.

வீட்டில் கணவரும் விடவில்லை. "அவர் சொன்னது சரியாத்தானே போச்சு?"

"முடிவு சரி, வந்த வழி தப்பு. நீங்க கண்ணை மூடிக்கிட்டு ஒரு கண்ணாடிய எடுத்துக் குடுத்து, அது ஒருத்தருக்குப் பொருந்திட்டா, கண் டெஸ்ட் பண்றதையே விட்டுடுவீங்களா?"

கணவர் சிரித்துக்கொண்டே டீ போட அடுப்படிப் பக்கம் நடந்தார்.

இப்போதெல்லாம் கச்சேரி நாட்களில் செயலாளரே லிஃப்டுக்குள் நின்று, கதவு மூடாமல் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். கடைசி டிரம் ஏறியதும், யாரும் பார்க்காதபோது அதில் ஒரு தட்டும் தட்டிக்கொள்கிறார்.