முன்சுவருக்கு அடித்த உள்பெயிண்ட்

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் நாங்கள் வீடு கட்டியபோது என் கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் வரும் போனில்தான் அந்த வீடு எழுந்தது. செங்கல்லும் கம்பியும் ஜன்னலும் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் சொல்வார். நின்று வேலை வாங்குவது நான். பெயிண்ட் விஷயம் வரும்வரை எனக்குப் பொறுமை இருந்தது.

அவர் வேலை பார்த்த கட்டடத்தின் வரவேற்பறைச் சுவர் சந்தன நிறத்தில் பட்டுப்போல மினுங்குமாம். நம் வீட்டு முகப்பு அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிப் போய்க் கடையில் கேட்டேன். அந்த மினுமினுப்பு உள்சுவர் பெயிண்டில்தான் வரும் என்றார் கடைக்காரர். அதில் கை பட்ட அழுக்கு துடைத்தால் போய்விடும், வாடையும் குறைவு, ஆனால் மழைக்கு நிற்காது. வெளிச்சுவர் பெயிண்ட் வெயிலையும் மழையையும் தாங்கும். பாசி பிடிக்காமலிருக்க மருந்து கலந்திருப்பதால் அதை அறைக்குள் அடிக்கக் கூடாது என்றும் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இதையெல்லாம் அப்படியே ஒப்பித்தேன்.

"ரெண்டு வகையா விக்கிறதுக்காகச் சொல்றான். சுவர் ஒண்ணுதானே? நான் சொன்னதை வாங்கு" என்றார்.

"கிழக்குப் பார்த்த வீடுங்க. ஐப்பசி மழை நேரா முகப்புலதான் அடிக்கும்."

அதற்குத்தான் சன்ஷேடு வைத்திருக்கிறோமே என்று போனை வைத்துவிட்டார். பெயிண்டரும் தயங்கினார். வெளிநாட்டிலிருந்து வந்த உத்தரவு என்றதும் அவரும் அடித்துவிட்டார். பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்த அன்று முகப்பைப் புகழாதவர் இல்லை. ஒருவேளை என் கணவர் சொன்னதுதான் சரியோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

மழை பிடித்துக்கொண்டதும் சந்தேகம் தீர்ந்தது. சுவர் முதலில் கொப்புளித்தது. பிறகு வெயிலில் காய்ந்த தோல்போல உரிந்து தொங்கியது. உரிந்த இடமெல்லாம் பச்சையாகப் பாசி. நடவு வயலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர் வாசலில் பெட்டியோடு நின்று அதைப் பார்த்தார். பெயிண்டர் தண்ணீர் அதிகம் கலந்துவிட்டார் என்றார். மணலில் உப்பு இருந்திருக்கும் என்றார். கடைசியில், பூச்சு காயுமுன் நான் அவசரப்பட்டுவிட்டேனாம். பெயிண்டின் மேல் மட்டும் ஒரு குற்றமும் இல்லை. வாதாடியிருந்தால் பண்டிகை கெட்டிருக்கும். சுவரைச் சுரண்டி, பிரைமர் அடித்து, வெளிப்பெயிண்ட் அடிக்கப் பெயிண்டரிடம் சொன்னேன். அதோடு முடிந்தது என்று நினைத்து, அக்காவோடு வேளாங்கண்ணிக்குப் போனேன்.

திரும்பி வந்தால் வீட்டுக்குள் நுழைய முடியவில்லை, அவ்வளவு நெடி. மீந்த வெளிப்பெயிண்டை எங்கள் படுக்கையறையில் தன் கையாலேயே அடித்து வைத்திருந்தார். தும்மிக்கொண்டே, பெருமையாகக் காட்டினார்.

"வீணாப் போகுதேன்னு அடிச்சேன். வெளியில மழையையே தாங்குது. உள்ள தாங்காதா?"

"உள்ள எங்கங்க மழை பெய்யுது?" என்று கேட்டேன்.

விடுமுறை முடியும்வரை கூடத்தில் பாய் விரித்துப் படுத்தோம். கண் எரிச்சலுக்கும் தும்மலுக்கும் ஊர்ப் புழுதிதான் காரணம் என்று சொல்லிக்கொண்டே அவர் விமானம் ஏறினார். நான் வெகுநாள் ஜன்னல்களைத் திறந்தே போட்டுவைத்த பிறகுதான் அந்த அறையில் படுக்க முடிந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காம்பவுண்டு சுவருக்கு யோசனை சொன்னார். முழுவதையும் உம் கொட்டிக் கேட்டேன். மறுநாள் தஞ்சாவூருக்குப் போய், கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பெயிண்டை வாங்கி வந்தேன்.