இஃப்ராவுக்கு வைத்த கடன்

முருகையன் தன் அறுபத்தாறாவது வயதில் ஒரே ஒருத்தருக்குத்தான் கடன் வைத்திருந்தார். தொகை நூற்றியொரு ரூபாய். கொடுக்க வேண்டியது நான்காம் வகுப்பு படிக்கும் இஃப்ராவுக்கு.

நூற்றியொரு ரூபாய்தானே என்று யாரும் லேசாக எண்ணிவிடக் கூடாது. அடையாறு எல்.பி. ரோட்டில் இறங்கி முருகையன் பழைய பேப்பர் கடை எங்கே என்று கேட்டால், வழி சொல்ல நாலு பேர் ஓடி வருவார்கள். ஒன்பது வயதில் ஆற்றோரக் குடிசையிலிருந்து கோணிப்பையோடு கிளம்பி, தெருத்தெருவாகக் காகிதம் பொறுக்கிய ஆள். இன்று சொந்தக் கடை, வாசலில் சரக்கு ஏற்ற ஒரு குட்டியானை வண்டி, தரமணியில் மாடி வைத்த வீடு. இத்தனைக்கும் ஒருத்தரிடம் போய்க் கை நீட்டியதில்லை. லோன் வேண்டுமா என்று கேட்டு வந்த பேங்க் பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "உனுக்கு எவ்ளோ வேணும் சொல்லு, நான் தரேன்" என்று சொல்லி அனுப்பியவர் அவர்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. அதுவும் பாதியில் விட்டது. ஆனால் கணக்கு இருக்கிறதே! மூன்றே முக்கால் கிலோ பேப்பர், கிலோ பதினான்கு ரூபாய் என்றால், பேப்பர் போட வந்தவர் செல்போனில் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் ஐம்பத்திரண்டரை ரூபாய் அவர் முன்னால் வந்துவிடும். செல்போனும் அதே விடையைத்தான் சொல்லும். வேறு சொன்னால் செல்போனில்தான் கோளாறு.

அப்படிப்பட்டவர் கடன்காரர் ஆனது பின்தெரு ஆரம்பப் பள்ளியில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில்.

அந்தப் பள்ளிக்கு முருகையன் செய்தது கொஞ்சமல்ல. கடைக்கு எடைக்கு வரும் கதைப் புத்தகங்களில் கிழியாததாகப் பொறுக்கி இருநூறு புத்தகம் கொடுத்தார். அடுக்கி வைக்க இரும்பு அலமாரியும் கொடுத்தார். ஒரு காசு வாங்கவில்லை. அதனால் சரண்யா டீச்சர் அவரை நிமிஷப் போட்டிக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்.

நிமிஷப் போட்டி சரண்யா டீச்சரின் ஏற்பாடு. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நடக்கும். ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை சொல் சரியாகப் படிக்கிறாய், எத்தனை கணக்கு போடுகிறாய் என்று பார்ப்பார்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் கிடையாது. போன மாதம் நீ எடுத்ததை இந்த மாதம் நீ தாண்டினால் சுவரிலுள்ள அட்டவணையில் உன் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம். கடைசி பெஞ்சுப் பிள்ளைகூட அந்த நட்சத்திரத்துக்காக வீட்டில் அம்மாவைக் கடிகாரம் பார்க்கச் சொல்லிப் படித்தது.

பொன்னாடை போர்த்தியதும் முருகையனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"இன்னா டீச்சர், இதெல்லாம் ஒரு கணக்கா? ஒரு புள்ளைய என்னோட நிக்கச் சொல்லுங்க. நான் தோத்தா நூத்தியொரு ரூபா."

"பந்தயமெல்லாம் வேணாங்கய்யா. சும்மா விளையாட்டு."

"விளையாட்டுதான் டீச்சர். நான் தோக்கவா போறேன்?"

எழுந்து வந்தாள் இஃப்ரா. ரெட்டைப் பின்னல், ஓரத்தில் பல் விழுந்த ஓட்டை தெரியும் சிரிப்பு. நூறிலிருந்து ஒன்பது ஒன்பதாகக் குறைத்துக்கொண்டே ஒன்று வரை இறங்கி வர வேண்டும் என்பது ஆட்டம். ஐந்தாம் வகுப்பு கயல்தான் நடுவர். கழுத்தில் விசில், கையில் நேரம் பார்க்கும் கடிகாரம். கடைசி எண்ணைச் சொன்னால்தான் கடிகாரத்தை நிறுத்துவாள்.

முருகையன் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார். "நூறு, தொண்ணூத்தொண்ணு, எம்பத்திரெண்டு, எழுபத்திமூணு…" தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. "இருபத்தெட்டு, பத்தொம்போது, பத்து, லாபம்!"

மொத்தம் ஒன்பது விநாடி. கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார். கயல் கடிகாரத்தை நிறுத்தவில்லை.

"தாத்தா, இன்னும் ஒரு நம்பர் பாக்கி."

"முடிஞ்சிச்சிம்மா. லாபம்!"

"லாபம்னு ஒரு நம்பரே இல்ல தாத்தா."

"இல்லியா? இன்னாம்மா பேசற நீ? மார்க்கெட்ல போய்க் கேட்டுப் பாரு!"

அவர் சொன்னது நியாயம்தான். சரக்கை எண்ணுகிறவர்கள் முதல் உருப்படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். ஒன்றோடு நின்றுவிடக் கூடாது என்று 'லாபம்' என்றுதான் தொடங்குவார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று பாட்டிலையும் அட்டைக் கட்டையும் ஐம்பது வருடமாக எண்ணிய வாய் அது. இதைக் கயலுக்கு அவர் விளக்கி முடிப்பதற்குள் முழு நிமிஷமும் ஓடி, விசில் ஊதிவிட்டது. அடுத்து வந்த இஃப்ரா நிதானமாக இறங்கி, "ஒண்ணு" என்று முடித்தாள். பதின்மூன்று விநாடி. கூடத்திலிருந்த பிள்ளைகள் தரையைத் தட்டிக்கொண்டு சிரித்தன.

முருகையன் காசை எடுக்கவில்லை. "இது அநியாயம்" என்று சொல்லிவிட்டு, பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாளே இஃப்ரா கடை வாசலில் வந்து நின்றாள். "தாத்தா, கடன்."

அவர் நூற்றியொரு ரூபாயை எடுத்து நீட்டினார். "இந்தா, முட்டாய் வாங்கிக்க."

அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "முட்டாய்க் காசு எனக்கு வேணாம். தோத்துட்டேன்னு சொல்லிட்டுக் குடுங்க."

அந்தச் சொல் முருகையன் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. ஆற்றில் வெள்ளம் வந்து கடையில் இடுப்பளவு தண்ணீர் நின்று, மூன்று டன் பேப்பர் கூழாய்ப் போனபோதுகூட, "காஞ்சா பேப்பர்தானே" என்று சொன்னவர் அவர். காசு திரும்பிப் பைக்குள் போயிற்று.

அதன்பிறகு பள்ளிக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, "தாத்தா, கடன்!" பக்கத்து டீக்கடை பிரபுவுக்குக் கொண்டாட்டம். "நைனா, கடன்காரம்மா வந்துகினு கீறாங்க, ஷட்டர இறக்கு!" வீட்டில் மனைவி பாஞ்சாலி அதற்கு மேல். "யோவ் கடன்காரா, சோறு ஆறுது, துன்ன வா."

பத்து நாள் கழித்து இஃப்ராவே ஒரு வழி சொன்னாள். "அடுத்த போட்டியில என்கூடப் படிக்க வாங்க தாத்தா. ஒரு நிமிஷம். ஜெயிச்சீங்கன்னா கடன் கேன்சல். தோத்தா தோத்துட்டேன்னு சொல்லணும்."

பிரபு கேட்டுக்கொண்டிருந்தான். பேப்பர் போட வந்த இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "வரேன்" என்று சொல்லிவிட்டார் முருகையன். சொன்ன பிறகுதான் அது படிக்கிற போட்டி என்பது நினைவுக்கு வந்தது.

வாழ்நாளெல்லாம் காகிதத்தில் புரண்டவருக்குப் படிக்க வராது. அடியோடு வராது என்றில்லை. போர்டு படிப்பார், பஸ் படிப்பார். ஒரு முழு வாக்கியம் என்றால் எழுத்துக் கூட்டி வால் வரைக்கும் போய்ச் சேர்வதற்குள் தலை மறந்துபோகும். பாஞ்சாலிக்கு மட்டும்தான் அது தெரியும்.

"எட்டாவது படிச்சவ நான் இருக்கேன், இன்னாத்துக்கு பயப்படறே?" என்று அவள் செல்போனில் நேரம் வைத்தாள். அவர் ஒரு பழைய செய்தித்தாளை எடுத்தார். வியர்க்க வியர்க்கப் படித்தார்.

"இருபத்தேழு" என்றாள் பாஞ்சாலி.

"இருபத்தேழு கிலோவா?"

"இருபத்தேழு வார்த்தை."

இரண்டு நாள் அந்தச் செய்தித்தாள் மடித்தபடியே கிடந்தது. மூன்றாம் நாள் எடை போடும்போது உறைத்தது. இரண்டு கிலோ எடைக்கல்லைப் பார்த்ததும் இரண்டு கிலோ என்று கை எடுக்கிறது. கல்லின் மேல் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டியா எடுக்கிறோம்? மூன்றே முக்கால் கிலோவுக்கு நாற்பத்திரண்டும் பத்தரையும் தயாராக வாயில் கிடக்கிறதே, அது எப்படி வந்தது? ஆயிரம் தடவை போட்டதால் வந்தது. அப்படியானால் வார்த்தையும் கல்தான். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் ஒவ்வொரு கல்லும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். இதை அவர் யார் சொல்லியும் தெரிந்துகொள்ளவில்லை. தானே கண்டுபிடித்தார்.

பிறகு கடையில் வியாபாரம் நடந்த லட்சணம்! கொண்டுவந்த பேப்பரைத் தராசில் வைக்காமல் மூக்கருகே வைத்துக்கொண்டார். "நைனா, எட போடறதுக்குக் குடுத்தேன், படிக்கிறதுக்கு இல்ல" என்று திருவான்மியூரிலிருந்து வந்த ஒருவர் கத்தினார். "இரு, இந்தப் பத்தி முடியட்டும்" என்றார் முருகையன். இருபத்தேழு நாற்பத்தொன்றானது. நாற்பத்தொன்று ஐம்பத்தெட்டானது. அறுபத்துமூன்றைத் தொட்ட அன்று பாஞ்சாலி சுவர்க் காலண்டரில் பேனாவால் ஒரு நட்சத்திரம் போட்டாள். அவர் பார்க்காத மாதிரி இருந்தார். அவள் அந்தப் பக்கம் போனதும் கிட்டே போய்ப் பார்த்தார்.

போட்டி நாள் வந்தது. பாஞ்சாலி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வீடியோ எடுக்க முன்வரிசையில் உட்கார்ந்தாள். சரண்யா டீச்சர் தானே ஒரு பக்கம் புதிதாக எழுதி வைத்திருந்தார். யாரும் முன்னால் பார்த்ததில்லை. முதலில் இஃப்ரா. அவள் படிப்பது காதில் விழாமலிருக்க முருகையனை வெளியே வேப்பமரத்தடியில் நிற்க வைத்தார்கள். உள்ளே கைதட்டல் கேட்டது. கூப்பிட்டதும் உள்ளே போனார்.

இஃப்ரா தொண்ணூற்றாறு சொல் என்று கயல் அறிவித்தாள். விசில் ஊதியது. முருகையன் தொடங்கினார்.

திருவான்மியூர்க் கடற்கரையில் ஆமை ஒன்று மணலைத் தோண்டி முட்டையிட்ட கதை அது. முதல் வரியில் இரண்டு இடத்தில் முட்டினார். பிறகு கல் கல்லாகத் தூக்கி வைக்க ஆரம்பித்தார். முட்டை பொரிந்தது. குஞ்சுகள் வெளியே வந்தன. வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் கடல் என்று அவை நினைத்தன. ஆனால் வெளிச்சம் சாலையோரக் கடை விளக்கிலிருந்து வந்தது. குஞ்சுகள் எல்லாம் சாலையைப் பார்த்து நடக்கத் தொடங்கின…

விசில் ஊதியது.

முருகையன் நிறுத்தவில்லை.

கயல் இன்னொரு தடவை, கன்னம் உப்ப ஊதினாள். "தாத்தா! டைம் முடிஞ்சிச்சு!"

"இரும்மா, ரோட்டுக்குப் போய்க்கினு கீது! வண்டி வர்ற ரோடு!"

விரலை வரியில் வைத்தபடி அவர் மேலே படித்தார். வாக்கியத்தின் வால் வந்தபோது தலை மறக்கவில்லை. தலையும் வாலுமாக ஆமைக் குஞ்சு முழுசாகக் கண் முன்னால் நடந்தது. சாலையோரக் கடைக்காரர் எட்டிப் பார்த்து விளக்கை அணைத்தார். குஞ்சுகள் நின்றன. திரும்பின. ஒவ்வொன்றாக அலைக்குள் இறங்கின.

"எறங்கிடுச்சு!" என்றார் முருகையன், காகிதத்தை உயர்த்திப் பிடித்து. "டீச்சர், எல்லாம் எறங்கிடுச்சு!"

பாஞ்சாலி வீடியோ எடுப்பதை மறந்து கைதட்டினாள். பிள்ளைகள் தரையைத் தட்டின. இந்தத் தடவை சிரித்துக்கொண்டே, வேறு மாதிரி.

"எழுபத்தொண்ணு" என்றாள் கயல், சத்தம் அடங்கியதும். "விசிலுக்கு அப்புறம் படிச்சது கணக்குல சேராது."

இஃப்ரா எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள். முருகையன் அவளைப் பார்த்தார், கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார்.

"தோத்துட்டேன்" என்றார். அது ஒரு கனமும் இல்லாமல் வெளியே வந்தது. "ரெண்டு வாட்டி தோத்துட்டேன். எழுபத்தொண்ணு எடுத்துத் தோத்துட்டேன், தெரிதா? மூணாங்கிளாஸ் படிப்பு! அட்டவணையில என் பேரையும் எழுதுங்க டீச்சர்."

"எழுதிட்டேங்கய்யா" என்று சிரித்தார் சரண்யா டீச்சர். "நட்சத்திரமும் போட்டாச்சு."

இஃப்ரா முதுகுக்குப் பின்னாலிருந்த கையை முன்னால் கொண்டுவந்து விரித்தாள். முருகையன் சட்டைப் பையிலிருந்து புதுப் பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து, நாக்கில் விரலைத் தொட்டு, ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். பத்து, இருபது, முப்பது… பிள்ளைகளும் கூடச் சேர்ந்து எண்ணின. நூறு. கடைசியில் ஒற்றை ரூபாய் நாணயம் மட்டும் அவர் விரல்களுக்கு நடுவே நின்றது. கயல் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

முருகையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "ஒண்ணு!" என்றார்.

"லாபம்!" என்று அதே நொடியில் மொத்தப் பள்ளியும் கத்தியது. நாணயம் இஃப்ராவின் உள்ளங்கையில் விழுந்தது.