இரண்டும் இடது கால்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. தோலில் முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு, விட்டுப்போன தையல், எதுவானாலும் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். அந்த ஜோடி திரும்பிப் போய்விடும். பன்னிரண்டு வருடப் பழக்கம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் வாசலில் கிடக்கும் செருப்புகளைத்தான் சோதிக்கும்.

இந்தப் புத்தியை ஜெபத்திலும் காட்டினேன். ‘ஆண்டவரே’ என்று தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே மனம் ஷிப்மென்ட்டுக்கு ஓடிவிடும். அரைகுறைச் சரக்கை அனுப்புவதைவிட அனுப்பாமலிருப்பதே மரியாதை என்று ஜெபத்தையே நிறுத்திவிட்டேன். மூன்று வருடமாயிற்று. சர்ச்சுக்குப் போவேன், பாடுவேன். கண்ணை மூடினால் மட்டும் ஒன்றும் வராது. அது உள்ளுக்குள் வலித்தது.

அந்த வலி தாங்காமல்தான் ஆலங்காயம் மலையடிவாரத்தில் நடந்த எங்கள் சபைப் பெண்கள் முகாமுக்குப் போனேன். கடைசி நாள் காலையில் அவரவர் கையால் செய்த ஒரு பொருளைக் காணிக்கையாக வைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஊரார் தைத்ததில் குறை சொல்வேனே தவிர, நான் ஒரு செருப்பும் தைத்ததில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டு வெட்டுத்துண்டுத் தோல் வாங்கி, முகாமுக்கு முன்பே வீட்டில் ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். ஒன்றை முடித்துக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, அடுத்ததை முடித்துச் சுற்றினேன். முகாமில் இரண்டையும் பிரித்து அருகருகே வைத்தபோதுதான் தெரிந்தது, இரண்டும் இடது கால். வெட்டும் அச்சை வலது காலுக்குத் திருப்பிப் போடாமலே இரண்டு முறை வெட்டியிருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண் இதைச் செய்திருந்தால் அன்றைக்கு அவளைச் சாப்பிட விட்டிருக்க மாட்டேன்.

அன்று பார்த்துதானா ஆயர் பிரசங்கத்தில் பழைய ஏற்பாட்டுக் காலத்தில் பழுதற்ற ஆட்டைத்தான் பலியிட்டார்கள் என்று சொல்ல வேண்டும்? தினமும் ஆட்டுத்தோலைப் பார்ப்பவள் நான். அப்படி ஒரு ஆட்டை இன்னும் சந்திக்கவில்லை. செருப்புப் பையைக் கட்டிலடியில் தள்ளிவிட்டேன். அதை வைக்கப் போவதில்லை என்றும், இனி ஜெபமும் அவ்வளவுதான் என்றும் முடிவு செய்தேன்.

மறுநாள் காலை காணிக்கை மேசையை அடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அடி கருகிய கேக், கோணல் கூடை, ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் பின்னிய மேசை விரிப்பு. விரிப்பில் ஒரு கண்ணி விட்டிருந்தது. என் கைப்பையில் ஸ்டிக்கர் சுருள் எப்போதும் கிடக்கும். கை தன்னால் அதை எடுத்து ஒன்றைக் கிழித்து ஒட்டிவிட்டது. எனக்கு உறைத்தபோது மேசை முழுக்க அம்புகள். கேக்குக்கு மட்டும் மூன்று.

நர்ஸம்மா பின்னாலேயே நின்றிருந்தார்.

“இன்னாம்மா இது, என்னுதுல அம்பு?”

“அங்க ஒரு கண்ணி விட்டுப் போச்சுங்கம்மா. மன்னிச்சிருங்க, எடுத்துர்றேன்.”

“இருக்கட்டும், உள்ளதுதானே. கண்ணு முன்ன மாதிரி இல்ல. உன்னுது எங்க?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. செருப்புகளைக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் ஸ்டிக்கர் சுருளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தையல் நல்லாத்தானே இருக்கு. எதுல ஒட்றது?”

“ரெண்டும் இடது காலுங்கம்மா. தனித்தனியா சரிதான். தப்பு செருப்புல இல்ல, என் மேல.”

“அப்ப சரி” என்று என் ரவிக்கைக் கையில் ஒரு அம்பை ஒட்டி, அழுத்தியும் விட்டார். “போய் வை.”

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். அதற்குள் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டதால் அம்புகளைப் பிய்க்க நேரமில்லை. நானும் என் அம்போடு போய்ச் செருப்புகளைக் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கண்ணை மூடி ‘ஆண்டவரே’ என்றேன். இரண்டாவது வரியில் மனம் ஓடிவிட்டது, இந்தக் கேக்கை யார் தின்னப் போகிறார்கள் என்று. இந்த முறை நான் நிறுத்தவில்லை. இழுத்து வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். இன்னொரு முறையும் ஓடியது, இன்னொரு முறையும் இழுத்து வந்தேன். அப்படியே ஆமென் வரை போய்ச் சேர்ந்தேன். இரண்டு இடத்தில் அம்பு ஒட்டலாம். ஆனாலும் அனுப்பிவிட்டேன், திரும்பி வரவில்லை.