சிரித்தார், கடிதத்தை வாங்கிக்கொண்டார்

எங்கள் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்தில் எனக்கு ஒரு பதவி இருக்கிறது. சங்கத்தின் யாப்பு விதிகளில் அது இல்லை. கூட்டத்தில் ஆட்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் செயலாளர் என் பக்கம் திரும்புவார். நான் எழுந்து இரண்டு வார்த்தை சொல்வேன். சிரிப்பார்கள். உட்காருவேன். அதன் பிறகு அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்பது எனக்குப் பெரும்பாலும் ஞாபகம் இருப்பதில்லை. என் பங்கு முடிந்ததென்று மனம் கன்டீனுக்குப் போய்விடும்.

கடைசியாக நடத்திய இயக்கம், வெற்றிடங்களை நிரப்பச் சொல்லி. புதிய நியமனங்களுக்கு மேலிடம் அனுமதி கொடுக்காமல் வைத்திருந்தது. என் புவியியல் துறையில் அதன் பொருள் ஒரே ஓர் ஆள். புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்து, எங்களிடமே படித்து, எங்களிடமே தற்காலிக உதவி விரிவுரையாளராகி, வருடத்துக்கு வருடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்த பெண். இம்முறை மாத முடிவோடு ஒப்பந்தம் முடிகிறது. இனி நீடிக்க முடியாது. நிரந்தரப் பதவிக்கு அனுமதி வந்தால் இருப்பார், வராவிட்டால் போக வேண்டியதுதான். துறைத்தலைவன் என்ற முறையில் என் கையிலிருந்த அதிகாரம் கடிதம் எழுதுவது. எழுதினேன். பதில் வரவில்லை.

பாராளுமன்ற உறுப்பினர்களை நேரில் போய்ப் பார்ப்பதென்று சங்கம் முடிவெடுத்தது. வான் வாடகைக்கும் துண்டுப்பிரசுரத்துக்கும் பணம் சேர்க்கப் புரியாணி டிக்கட் அடித்தோம். கட்டாயமில்லை, விரும்பியவர்கள் மட்டும் வாங்கலாம் என்று மூன்று மொழியிலும் அறிவித்தோம். அலவத்துகொடையிலிருந்து சமையல்காரர் ஒருவர், எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவர், பெரிய சட்டிகளோடு வந்து பீடத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டினார். பேராசிரியர்கள் வரிசையாக நின்று லஞ்ச் ஷீட்டில் சோறு கட்டினார்கள். நான் கட்டியதை நானா கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேர், இது பார்சல் இல்ல, காயத்துக்குப் போட்ட கட்டு. நீங்க அங்கால போய்க் கதைச்சிக்கிட்டிருங்க. அது ஒங்களுக்கு நல்லா வருது."

தற்காலிகமாக இருப்பவர்கள் எங்கள் சங்கத்தில் உறுப்பினராக முடியாது. ஆனாலும் எல்லோரையும் விட அதிக டிக்கட் விற்றவர் அந்தப் பெண்தான். ஊருக்குப் போகும் பஸ்ஸில்கூட விற்றிருக்கிறார்.

"அவையள் சாப்பாடு எடுக்க இஞ்ச வருவினமோ?" என்று கேட்டேன்.

"நானே கொண்டு போய்க் குடுத்துருவேன் சேர்."

முதல் சந்திப்பு பிலிமத்தலாவையில், ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில். வானில் போகும்போது செயலாளர் சிங்களத்தில் திட்டத்தை விளக்கினார். "போன இயக்கத்தில் உள்ளே போனதுமே சண்டை பிடித்தோம், மச்சான். இந்த முறை நீ முதலில் அவரைச் சிரிக்க வை. ஒரு நிமிடம். பிறகு நான் கடிதத்தைக் கொடுக்கிறேன். கடைசியில் மிஸ் பேசட்டும். வேலை போகிறவரே கேட்டால் மனிதன் யோசிப்பான்."

அந்தப் பெண் பின் இருக்கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு முணுமுணுத்தபடி வந்தார். அதில் சிங்களத்தில் நாலு வசனம். தான் யார் என்பது ஒன்று. என்ன படிப்பிக்கிறார் என்பது இரண்டு. தான் போனால் முதலாம் வருட வகுப்புக்கு ஆளில்லை என்பது மூன்று. மாதம் முடிவதற்குள் அனுமதி எடுத்துத் தாருங்கள் என்பது நாலாவது. உச்சரிப்பைச் செயலாளர் இரண்டு இடத்தில் திருத்தினார்.

பத்து நிமிடந்தான் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். உள்ளே போய்க் கதிரைகளில் உட்கார்ந்ததும் நான் தொடங்கினேன்.

"ஐயா, நான் இருபது வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறேன். இன்று சாரதிக்கு வழி சொன்னதும் நான்தான். அதனால் இந்த இடத்தைத் தாண்டிக் கடுகண்ணாவை வரைக்கும் போய்த் திரும்பி வருகிறோம்."

அது உண்மையும்கூட. போதாததற்கு என்னுடைய யாழ்ப்பாணத்துச் சிங்களம். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பி வர வழி சொன்னது யார்?"

"ஓட்டோவில் பாண் விற்கிறவர், ஐயா. அவர் பட்டதாரி இல்லை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று சொல்லச் சொன்னார். அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் என்னிடம் இன்னொன்று கேட்கிறவர்கள் குறைவு. வீட்டில் அப்படி யாரும் இல்லை. மழைவீழ்ச்சி பற்றி விரிவுரை செய்துவிட்டுக் குடையில்லாமல் நனைந்த கதையைச் சொன்னேன். அதற்குள் தேநீர் வந்தது. என் மனைவி வரைபடத்தை என் கையிலிருந்து பறித்த கதையைச் சொன்னேன். யாரோ படம் எடுத்தார்கள். வாசலில் நின்றவர் அடுத்த குழுவைக் கூப்பிட்டார். செயலாளர் எழும்புகிற அவசரத்தில் கடிதத்தை நீட்ட, உறுப்பினர் சிரித்தபடியே வாங்கி மேசையில் வைத்தார். அந்தப் பெண் தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டார்.

வானில் திரும்பினோம். வெட்கமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடைப் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தேன்.

"நல்லா சிரிச்சாரு சேர்," என்றார் அந்தப் பெண் பின்னாலிருந்து. குரலில் குத்தல் இல்லை. நான் தேடிப் பார்த்தேன், இல்லை.

அடுத்த கிழமை அவரும் நானுமாகப் பஸ்ஸில் அதே அலுவலகத்துக்குத் திரும்பப் போனோம். நான் உள்ளே வந்தால் பழைய கதைதான் நடக்கும் என்று எதிரிலிருந்த கடையில் பிளேன்டீயோடு உட்கார்ந்துகொண்டேன். அவர் புதுக் கடிதத்தோடு தனியே போனார். தேநீர் ஆறுவதற்குள் திரும்பிவிட்டார்.

"என்ன சொன்னவர்?"

"கடிதத்த வாங்கிக்கிட்டாரு. ஜோக் சொல்ற சேர் வரலையான்னு கேட்டாரு. சுகமா இருக்காரான்னும் கேட்டாரு."

"நீர் என்ன சொன்னீர்?"

"சுகமா இருக்கீங்கன்னு சொன்னேன்."

"உம்மட நாலு வசனம்?"

"மூணு சொன்னேன் சேர். அதுக்குள்ள அவருக்கு போன் வந்திருச்சு. கைய காட்டிட்டாரு."

அவருக்கும் ஒரு பிளேன்டீ சொன்னேன். குடித்தார். கண்டி பஸ் வந்தது. ஏறினோம்.

மாதம் முடிந்தது. அனுமதி வரவில்லை. விலகுகிறவர் நூலகம், கணக்குப் பிரிவு என்று ஒவ்வோர் இடமாகக் கையெழுத்து வாங்கும் படிவத்தை அவர் கடைசியாக என்னிடம் கொண்டு வந்தார். விலகும் காரணம் என்ற கட்டத்தைத் துறைத்தலைவர் நிரப்ப வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிவு என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். வழக்கமாக இப்படியான நேரத்தில் என் வாய் தானாக எதையாவது சொல்லும். அன்று சொல்லவில்லை. அவர் வாசித்துப் பார்த்து, "சரிங்க சேர்," என்றார். அறைச் சாவியை மேசையில் வைத்தார். நூலகத்துக்குப் பக்கத்துப் படியால் இறங்கிப் போனார்.

இரண்டு மணிக்கு அவருடைய வரைபட வகுப்பு. வேறு ஆளில்லாததால் நானே போனேன். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

"மிஸ் இனி வர மாட்டாங்களா சேர்?" என்றாள் முன்வரிசையிலிருந்த மாணவி.

"இல்லை," என்றேன். "மிஸ் எதில நிப்பாட்டினவா?"

"சமவுயரக் கோடு, சேர். இன்னும் பாதி இருக்கு."

எல்லோரும் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தார்கள். நான் வெண்கட்டியை எடுத்துப் பாதியிலிருந்து தொடங்கினேன்.