துட்டி வீட்டில் ஒலித்த அக்காவின் நாடகம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னபோது, ‘அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எழுதுவோம்’ என்றுதான் முதலில் நினைத்தேன். தம்பி புத்தி இன்னும் நம்ப மறுக்கிறது.

விளாத்திகுளம் பக்கம் பிறந்தவர் அக்கா. மழை பொய்த்த வருஷங்களில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்த் தன் படிப்பையும் என் படிப்பையும் காப்பாற்றினார். அங்கே கணக்குப்பிள்ளை மாதிரியே பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பாராம். கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்த பிறகு குரல் தேர்வில் தேறி வானொலி நாடகங்களில் நடித்தார். கிடைத்ததெல்லாம் புருஷனை வறுத்தெடுக்கும் வேஷம்தான். கயத்தாறில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அத்தானை லாரிக்காரர்கள் சும்மா விடுவார்களா? “அண்ணாச்சி, நேத்து வீட்ல செம டோஸ் போலிருக்கே” என்று ஓட்டுவார்கள். மானம் போகுது என்று அத்தான் ஒரு நாடகத்தையும் கேட்டதில்லை. வீட்டில் போட விட்டதுமில்லை. ஊரே கேட்கிறது, இவர் கேட்கவில்லையே என்பது அக்காவுக்கு ஆறாத குறை.

அப்புறம், போன வருஷம், தேசிய வானொலியில் நகைச்சுவை, பாட்டு, நாடகம் என்று ஒரு மாலை முழுக்க நிகழ்ச்சி. நாடகத்தில் அக்காவுக்குப் பெரிய வேஷம். பதிவு முன்பே முடிந்திருந்தது. இந்த ஒரு தடவையாவது கேளுங்கள் என்று கெஞ்சினார். அத்தானும் சரி என்றார்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் காலை, துணி காயப்போட மாடிக்குப் போன அக்கா அங்கேயே சரிந்துவிட்டார். மாரடைப்பாம். தலைவலி என்றுகூடப் படுத்தவரில்லை! அன்று மாலையே தகனம்.

மறுநாள் மாலை துட்டி கேட்க வந்தவர்களால் வீடு நிறைந்திருந்தது. அத்தான் எழுந்துவந்து என்னிடம் ரேடியோவைப் போடச் சொன்னார். பெரியப்பாவுக்கு வந்ததே கோபம்! பதினாறு கழியாமல் பாட்டா, ஊர் காறித் துப்பாதா என்றார்.

“கேக்கேன்னு அவகிட்ட சொல்லிட்டேன் மாமா” என்றார் அத்தான்.

கைபேசியில் வானொலியைத் திறந்தேன். பாட்டு முடியும்வரை யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு அக்காவின் குரல் வந்தது. நேற்று நாங்கள் எரியூட்டிவிட்டு வந்த அக்கா, நாடகத்தில் மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் பயந்து ஒளிந்த புருஷனைத் தேடி அரிசிப் பானைக்குள் எல்லாம் எட்டிப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து மாரடித்து அழுத அத்தானின் தங்கைதான் முதலில் சிரித்தார். பெரியப்பா துண்டால் வாயைப் பொத்தியும் தோள் குலுங்கியது. சே, என்ன மனுஷங்க நாம என்று பதறினேன். பதறிக்கொண்டே நானும் சிரித்தேன்.

“ஏங்க, எங்கன போய் ஒளிஞ்சிருக்கீய? ஒரு குரல் குடுத்தா கொறஞ்சா போயிருவீய?” என்றார் அக்கா.

“இங்கனதான் இருக்கேன்” என்றார் அத்தான், எல்லோருக்கும் கேட்கும்படி.

அக்காவைச் சுமந்து சென்றவர்களுக்கும், எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்ட தெருக்காரர்களுக்கும் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். அழ வந்த இடத்தில் சிரித்துவிட்டோமே என்று இன்னும் கூசுகிறவர்களுக்கு அத்தானும் நானும் தனியாகக் கைகூப்புகிறோம். அக்காவின் நாடகத்துக்கு அவர் வீட்டில் எழுந்த முதல் சிரிப்பு அது.